மணியடித்தபோது செத்த நாலு பேர்

முப்பத்து நாலாம் வருஷம் ஆடி மாசத்தில் பலராமனுக்கு ஒரு புதுப் பெயர் வந்து சேர்ந்தது: ‘கும்பிட்டுச் செத்தவன்.’ ஆலையில் தறிக்குத் தறி அதைச் சொல்லிச் சிரித்தார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கும்போது இப்படி ஒரு பெயரைச் சுமக்க எவனுக்குத்தான் மனசு வரும்?

நடந்தது இதுதான். ஆலைக்காரர்கள் ஞாயிறு தவறாமல் உப்பாற்றங்கரை மணலில் சடுகுடு ஆடுவார்கள். பலராமன் ஒரு கட்சி, அல்போன்ஸ் எதிர்க் கட்சி. அன்றைக்கு அல்போன்ஸ் பாடிக்கொண்டு வந்த நேரம் பார்த்துச் சாலையில் மாரியம்மன் ஊர்வலம் போனது. பம்பைச் சத்தம் காதில் விழுந்ததும் பலராமன் தன்னை மறந்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டான். அல்போன்ஸ் அவன் விலாவில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கோட்டைத் தாண்டி ஓடிவிட்டான்.

“செத்தான். வெளிய போ,” என்றார் நடுவர் அருளானந்தம். அவர் பிரெஞ்சு சர்க்காரின் பத்திர அதிகாரியான நொத்தேரிடம் எழுதும் குமாஸ்தா. படித்தவர், பட்சபாதம் பார்க்கமாட்டார் என்று இரண்டு கட்சியும் சேர்ந்து அழைத்து வந்த மனுஷர்.

“அம்மன கும்பிட்டேன் முசியே.”

“ஆட்டம்னா ஆட்டம்தான். கும்பிடறவன் கோட்டுக்கு வெளிய போய்க் கும்பிடணும். உள்ள நின்னா, தொட்டா செத்தான்.”

அந்தப் பெயரை வைத்தவனும் அல்போன்ஸ்தான். வீட்டில் பெண்டாட்டி தனக்கொடிகூட அதைக் கேட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பலராமனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சரி, சட்டம் அதுதான் என்றால் எல்லாருக்கும் அதுதானே என்று மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு பொழுது சாயும்போது பலராமன் கட்சியில் அவன் ஒருத்தன்தான் மிச்சம். மற்றவர்கள் செத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே அல்போன்ஸையும் சேர்த்து நாலு பேர், நாலு பேரும் வேதக்காரர்கள். பலராமன் காலில் முள் என்றான். வேட்டியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினான். மாதா கோயில் மணிக்கூண்டை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, “சடுகுடு சடுகுடு” என்று உள்ளே இறங்கினான்.

அவன் நினைத்தது போலவே அந்திச் செப மணி அடித்தது. பிறந்ததிலிருந்து பழகிப்போன உடம்பு அல்லவா, நாலு பேரும் நின்ற இடத்திலேயே நின்று சிலுவை போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். பலராமன் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே ஒவ்வொருத்தனையும் ஆற அமரத் தொட்டான். அல்போன்ஸுக்கு மட்டும் விலாவில் ஒன்று பலமாக வைத்தான். பிறகு கோட்டுக்கு வந்து மூச்சை விட்டான்.

செத்துக் கிடந்த அவன் கட்சி எழுந்து கூத்தாடியது. அருளானந்தமோ தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். செபம் முடிந்த பிறகே கண்ணைத் திறந்தார்.

“என்னடா கூச்சல்?”

“நாலு பேரும் செத்தாச்சு முசியே. ஆட்டம் எங்களுது.”

“நான் பாக்கலியே.”

“நாங்க பாத்தோம்,” என்றான் கலியபெருமாள்.

“நீ அவன் கட்சி. அதோட, மணியடிச்சா ஆட்டம் நின்னு போச்சு. ஊருக்கே தெரிஞ்ச வழக்கம்.”

“பம்பைக்கு நிக்காத ஆட்டம் மணிக்கு மட்டும் நிக்குமா?” என்றான் பலராமன். “போன வாரம் நான் செத்தது மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

“போன வாரம் என் கண்ணு தொறந்திருந்துது.”

இதைக் கொஞ்சமும் கூசாமல் சொன்னார். தன் சாமிக்குக் கண்ணை மூடுகிறவர், அடுத்தவன் சாமி வரும்போது மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாராம். இதற்குப் பெயர் நடுவராம்! பலராமன் அவரை விட்டுவிட்டு நாலு பேர் பக்கம் திரும்பினான்.

“இப்பத்தான் செபம் சொன்ன வாயி. நீங்களே சொல்லுங்க. என் கை பட்டுதா, இல்லியா?”

மூன்று பேர் மணலைப் பார்த்தார்கள். “செபத்துல இருந்தோம். ஒண்ணும் தெரியல.”

அல்போன்ஸ் விலாவைத் தடவிக்கொண்டான்.

“எனக்குப் பட்டுது,” என்று சொல்லிவிட்டு ஓரத்தில் போய் உட்கார்ந்தான்.

“உன்ன யாரு வெளிய போவச் சொன்னது? உள்ள வா,” என்றார் அருளானந்தம்.

“செத்தவன் எப்படி முசியே வருவான்?”

அருளானந்தம் தொப்பியைத் தட்டித் தலையில் வைத்தார். “சரி, ஒருத்தன் செத்தான். மூணு பேர் இருக்காங்க. இருட்டிடுச்சு. இன்னிக்கி யாருக்கும் ஜெயமில்ல,” என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் பின்னாலேயே எல்லாரும் கலைய ஆரம்பித்தார்கள். அந்த மூன்று பேர் மட்டும் வெளியே வந்தால் செத்ததாகிவிடுமோ என்று கோட்டுக்குள்ளேயே தயங்கி நின்றார்கள்.

அல்போன்ஸ் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தான். “பலராமா, வா போவலாம்,” என்றான்.

ஒரு வாரம் கழித்து அவன் வாயிலிருந்து பெற்றவர்கள் வைத்த பெயர் வந்தது. பலராமன் அதைக் கவனிக்காமல் இல்லை. ஆனாலும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கோட்டருகே அசையாமல் நின்றான்.

“நீ போ,” என்றான். “அந்த மூணு பொணத்தயும் யாரு தூக்கறது?”