தழும்பில் தங்கிய கரு

வள்ளித்தாயைச் சேலையில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். என் ஆஸ்பத்திரிப் படியெல்லாம் ரத்தம். மூன்று மாதக் கர்ப்பம். முதல் பிள்ளைக்கு நான்தான் சிசேரியன் செய்திருந்தேன்.

"எள்ளுருண்டையத் தின்னு பிள்ளையக் கலைச்சிட்டா," என்றான் புருஷன் துரைப்பாண்டி. காலையில் சேலையில் கொஞ்சம் ரத்தம் பட்டதாம். மடியில் எள்ளுருண்டை இருந்ததாம். அவ்வளவுதான், அடிவயிற்றிலேயே மிதித்திருக்கிறான். அவள் அண்ணன் மருதப்பன் ஆசையாக வாங்கிக் கொடுத்த எள்ளுருண்டை அது. எனக்கு வந்த ஆத்திரத்தில் துரைப்பாண்டி கன்னத்தில் ஓர் அறை விட்டுவிட்டுத்தான் கையைக் கழுவப் போனேன்.

சாதாரணக் கலைப்பு என்றால் சுரண்டிச் சுத்தம் செய்யலாம். ஆனால் கர்ப்பப்பை வாய் மூடியிருந்தது. பழைய தையலுக்கு நேரே உள்ளே ஒரு புடைப்பு. வயிறு இறுகிக்கொண்டே வந்தது. சுரண்டினால் மேசையிலேயே செத்துப்போவாள்.

ரத்தம் கேட்டதும் கூட வந்த சனம் ஒவ்வொன்றாக நழுவியது. பொருந்தியது துரைப்பாண்டியின் ரத்தம்தான். அவன் கையை இழுத்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்து மருதப்பன் அரிவாளோடு வந்தான். மச்சானின் முடியைப் பிடித்துப் பெஞ்சில் சாய்த்து, கழுத்தில் அரிவாளை வைத்தான்.

"ஏலே, கையை நீட்டு."

ரத்தம் ஏறத் தொடங்கியதும் வள்ளித்தாயின் வயிற்றைத் திறந்தேன். முழங்கை வரை ரத்தம் பொங்கியது. கரு இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. பழைய சிசேரியன் தழும்புக்குள் வேர் விட்டிருந்தது. காலையில் பட்ட ரத்தம் அதனால்தான். எள்ளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மிதித்ததில் தழும்பு பிளந்திருந்தது. கருவை எடுத்துவிட்டுத் தைக்கப் பார்த்தேன். ஊசி போகிற இடமெல்லாம் கிழிந்தது. கர்ப்பப்பையையே எடுத்தேன்.

வெளியே வந்ததும் மருதப்பன் கேட்டான்: "டாக்டரம்மா, இவன் இனிமே தேவையா?"

"நாளைக்கும் ரத்தம் வேணும். அரிவாளை எடு!" என்று கத்தினேன். பொய்தான்.

மறுநாள் வள்ளித்தாய் கண் விழித்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். வாசலில் துரைப்பாண்டி, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கையில் ஒட்டிய பஞ்சைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"என் ரத்தம் இல்லேன்னா இவ செத்திருப்பா."

கட்டிலருகே இருந்த மருதப்பன் எழுந்தான். வள்ளித்தாய் அவன் வேட்டியைப் பிடித்தாள்.

"வெட்டிராதண்ணே. மிதிச்சதையும் சேத்து அவன் வாயாலயே சொல்ல வையி. இங்கனயே."

மருதப்பன் அவனைப் பிடரியில் அடித்து, அத்தனை பேர் முன்னாலும் மண்டியிட வைத்தான். துரைப்பாண்டி எதையோ முனகினான்.

"கேக்கல," என்றாள் உள்ளேயிருந்து வள்ளித்தாய்.