உண்ணி வந்த வழி

தீவுக் கிராமமான சுருவிலில் ஒரு பெண் காரணமில்லாமல் நடந்தால் ஊருக்குப் பொறுக்காது. கடைக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம், செத்தவீட்டுக்குத் தாராளமாகப் போகலாம். சும்மா நடக்க மட்டும் முடியாது. சயந்தினிக்குச் சீனி வருத்தம் கூடிவிட்டது, நாள்தோறும் காலையில் நடக்கவேண்டும் என்று கிளினிக்கில் சொன்ன டொக்டர் வெளியூர்க்காரர். அவருக்கு இந்தச் சங்கடம் எங்கே தெரியப் போகிறது!

முதல் நாள் அவள் வேலிப் படலையைச் சாத்திவிட்டுத் திரும்பக்கூட இல்லை, அதற்குள் முன்வீட்டு இலட்சுமிப்பிள்ளை வேலிக்கு மேலால் தலையை நீட்டிவிட்டார்.

“எங்கை பிள்ளை வெளிக்கிட்டாய்?”

“சும்மா நடக்கிறன் மாமி.”

“சும்மாவோ?” மாமியின் குரல் இறங்கிவிட்டது. “ஏன் பிள்ளை, புருசனோடை ஏதும் சண்டை கொழுவலோ?”

அன்றைக்கே அவளுக்கு நடை வெறுத்துப்போயிருக்கும். காப்பாற்றியது வீமன். பெயர்தான் வீமன், விலா எலும்பெல்லாம் வெளியே தெரியும். யாரோ குளக்கட்டில் விட்டுவிட்டுப் போன நாய்க்குட்டி, அவள் பின்னால் வந்து வீட்டு வளவுக்குள் படுத்துக்கொண்டது. “வீமனைக் கடலுக்குக் கொண்டுபோய்க் குளிக்க வாக்கப் போறன்” என்றால் ஒருவரும் மேலே கேட்பதில்லை. நாய் நடக்கக் காரணம் உண்டு, மனுசி நடக்கத்தான் இல்லை.

இருவரும் குளக்கட்டால் ஏறி, வடலிகளுக்கு ஊடாகப் போகும் ஒற்றையடிப் பாதையில், புல்லும் நாயுருவியும் காலில் உரசக் கடற்கரை வரை போய் வருவார்கள். மாதம் போகப் போகச் சீனி இறங்கியது. முழங்கால் நோவு விட்டது. இதையெல்லாம்விடப் பெரிய காரியம், அந்த நேரத்தில் அவளிடம் யாரும் தேத்தண்ணி கேட்பதில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வீமன் நண்டுகளோடு சண்டைக்குப் போய்த் தோற்றுத் திரும்பும். அவள் வாய்விட்டுச் சிரிப்பாள். மகன் சுஜிதன் சுவிசுக்குப் போன பிறகு அப்படிச் சிரித்தது அங்கேதான்.

யார் கண் பட்டதோ, ஒரு விடியற்காலை அவள் புருசன் பிரதாபன் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலால் துள்ளி எழும்பினான். உள்ளே யாரோ தகரம் சுரண்டுகிறார்களாம். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் வெளிச்சம் பிடித்துப் பார்த்து, மிளகளவு உண்ணி ஒன்றை எடுத்துப் பஞ்சில் வைத்துக் கொடுத்தார்கள். அதை அவன் கடதாசியில் மடித்து, நீதிமன்றத்துக்குச் சாட்சி கொண்டுவருகிறவன்போல வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

“இஞ்சை பாரும். உம்மடை நாய் பாத்த வேலை.”

“அது பாவமப்பா, வாயில்லாச் சீவன்.”

“வாய் இல்லையோ? உண்ணிக்கு இருக்கு. என்ரை காது அதுக்குச் சாட்சி. மரக்கறி ஏத்திற பட்டா லொறியிலை ஏத்தி விடப்போறன். யாழ்ப்பாணச் சந்தையிலை எலும்பு பொறுக்கிப் பிழைக்கட்டும்.”

வேண்டாத நாயைத் தீவுக்காரர் பாலத்துக்கு அப்பால்தான் கொண்டுபோய் விடுவார்கள். நடுவில் கடல் கிடந்தால் மோப்பம் பிடித்துத் திரும்பாது என்பது நம்பிக்கை. அப்படிப் போன நாய் எதுவும் வீடு வந்ததாகச் சயந்தினி கேள்விப்பட்டதில்லை. நாய் போனால் நடை போகும். நடை போனால் பழையபடி குசினி அடுப்பும், வேளைக்கு விழுங்கும் குளிசையும்தான்.

“ஒரு உண்ணியும் இல்லாமல் ஆக்கிக் காட்டுறன். பிறகு சொல்லுங்கோ,” என்றாள்.

“பாப்பம்,” என்றான். பிரதாபன் கெட்டவன் அல்ல. காது நொந்த மனுசன், அவ்வளவுதான்.

இதற்குப் பிறகுதான் அவள் ஒரு பிழையைச் செய்தாள். புகையிலைத் தோட்டக்காரன் வீட்டில் பிறந்து புகையிலைத் தோட்டக்காரனைக் கட்டியவளைத் தவிர வேறு ஒருத்திக்கும் அது தோன்றியிராது. அவளுடைய ஐயா மாட்டுக்கு உண்ணி பிடித்தால் புகையிலைக் காம்பை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைத் தேய்த்துவிடுவார். மாடே தாங்குகிறது, நாய்க்கு என்ன வரப்போகிறது என்று நினைத்தாள். தண்ணீர் கறுக்கக் கறுக்க ஊறவைத்து, வீமனின் காது முதல் வால் மட்டும் ஆசையோடு தேய்த்துவிட்டாள். வீமன் உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, வெயிலில் போய்ப் படுத்து, தன்னைத்தானே நன்றாக நக்கத் தொடங்கியது.

அவள் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து பார்த்தபோது அதன் வாயால் நுரை வழிந்தது. ஓங்காளித்துச் சத்தி எடுத்தது. எழும்பப் பார்த்தது, பின்னங்கால் நடுங்கி விழுந்தது.

“ஐயோ, நானே சாக்காட்டிப்போட்டன்!”

தோட்டத்திலிருந்து பிரதாபன் ஓடி வந்தான். பேசாமல் நின்றிருந்தால் அவன் எண்ணம் செலவில்லாமல் நிறைவேறியிருக்கும். அவனோ கிணற்றடியில் கிடந்த சவர்க்காரத்தை எடுத்து, வாளி வாளியாக அள்ளி நாயைக் கழுவினான். பிறகு மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

“அழுதுகொண்டு நிக்காமல் பின்னாலை ஏறும். மடியிலை இறுக்கிப் பிடியும்.”

வேலணையில் இருக்கும் மிருக வைத்தியர் அன்ரனிட்டா இளம்பெண். ஊசி போட்டார், சேலைன் ஏற்றினார். வீமனின் மூச்சு ஒரு சீருக்கு வந்த பிறகுதான் இவர்கள் பக்கம் திரும்பினார்.

“கழுவிக் கொண்டுவந்ததாலை தப்பிச்சுது அம்மா. மாடு கட்டையிலை கட்டினபடி நிக்கும். நாய் தன்ரை உடம்பை நக்காமல் விடுமோ? இனிமேல் புகையிலையும் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம், நெருப்பாலை சுடவும் வேண்டாம்.”

உண்ணிக்கு ஒரு குளிசை கொடுத்தார். மாதம் தவறக்கூடாது என்றார். நடந்து வந்ததும் காதுக்குள், கழுத்துப்பட்டிக்குக் கீழே, விரலிடுக்கு, முன்னங்கால் கமக்கட்டு எல்லாம் பார்க்கவேண்டும். கடித்துக்கொண்டிருந்தால் முள்ளெடுக்கும் சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுக்கவேண்டும், நசிக்கக்கூடாது. மனுசரும் செடி பற்றையில் உரசாமல் பாதை நடுவால் நடக்கவேண்டும். கால்சட்டையைச் சொக்ஸுக்குள் விட்டுக்கொண்டால் உண்ணி உள்ளே ஏறாது. வெள்ளை உடுப்பென்றால் ஊர்வதும் தெரியும்.

“வீட்டிலை வேறை ஆரும் உப்பிடிப் பத்தையளுக்குள்ளாலை நடக்கிறவையோ?” என்று கேட்டார்.

“நடக்கிறது இவ ஒராள்தான் டொக்டர்,” என்றான் பிரதாபன். சயந்தினியும் ஓமென்று தலையாட்டினாள்.

வீமன் நடக்கத் தெம்பானதும் அவளும் நடக்கத் தொடங்கினாள். சுஜிதன் விட்டுப்போன வெள்ளைக் கால்சட்டை, அதை விழுங்கினாற்போல் முழங்கால் வரை இழுத்த சொக்ஸ். இலட்சுமிப்பிள்ளை மாமி பார்த்த பார்வையில் வேலியே எரிந்திருக்கவேண்டும்.

“என்ன பிள்ளை, வயல் வெருளி மாதிரி?”

“உண்ணிக்கு மாமி. நாயோடை நடக்கிறனெல்லோ.”

“நடக்கிறியோ?” என்றார் மாமி. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கோலத்தில் ஒருத்தி சண்டை பிடித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகமாட்டாள் என்று அவருக்கே விளங்கியிருக்கும்.

நடந்து வந்ததும் வீமன் தானாகவே மல்லாந்து கிடக்கும். அவள் மயிரை விலக்கி விலக்கிப் பார்ப்பாள். முதலில் ஒன்றிரண்டு அகப்பட்டன. குளிசை வேலை செய்யத் தொடங்கியதும் ஒன்றும் இல்லை. அவள் தலை நிமிர்ந்து நடந்தாள்.

அந்த நேரம் பார்த்து, கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த பிரதாபன் பெருங்குரலில் கத்தினான். உடுத்த சாரத்தை முடிச்சுப் போடும் இடத்தில், இடுப்பில், இன்னொரு உண்ணி.

“காணும், போதும் சயந்தினி. நீர் செய்யிறதெல்லாம் செய்து பாத்திட்டீர். நாளைக்குப் பட்டா வரும், பட்டாக்காரனுக்கு இப்பவே போன் அடிக்கிறன்.”

“வீமனிலை ஒண்டும் இல்லையப்பா! வந்து பாருங்கோ!”

“அப்ப என்ன, வானத்தாலையோ விழுந்தது?”

அவளுக்கு அழுகை வந்தது. வீமனை மறுபடியும் காது முதல் நகம் மட்டும் பார்த்தாள். சுத்தம். அழுகையோடு அழுகையாக, மெத்தையையாவது உதறுவோம் என்று அறைக்குள் போனாள். வீமன் ஒருநாளும் அந்த அறை வாசல் தாண்டியதில்லை. கட்டில் தலைமாட்டில் பிரதாபனின் பழைய சாரம் கிடந்தது. தொட்டதும் பச்சை இலை மணந்தது.

அது ஆட்டுக்குக் குழை, அதாவது இலைதழை, வெட்டப் போகும்போது கட்டும் சாரம். பின்னேரம் ஆனால் அவன் அதை மடித்துக் கட்டிக்கொண்டு, கொக்கைத்தடியோடு குளத்துக்குப் பின்னால் உள்ள பற்றைக்குள் இறங்குவான். குழைக்கட்டைத் தோளில், காதோடு காதாக வைத்துக்கொண்டு வருவான். நாளைக்கும் குழைக்குத்தானே என்று அந்தச் சாரத்தைத் தோய்க்கவும் விடமாட்டான், கட்டிலில் எறிவான். இதை டொக்டரிடம் அவனும் சொல்லவில்லை, அவளும் நினைக்கவில்லை. ஏனென்றால் அது நடை அல்லவே, வேலை!

கோயிலுக்குக் கட்டும் அவனுடைய வெள்ளை வேட்டியை முற்றத்தில் விரித்தாள். நடுவே சாரத்தைப் போட்டாள். உச்சி வெயில். “இஞ்சாருங்கோ, ஒருக்கால் வாங்கோ,” என்றாள்.

அவன் வந்து குந்தினான். கொஞ்ச நேரத்தில் சாரத்தின் மடிப்பிலிருந்து ஒன்று வெள்ளையில் இறங்கி ஊர்ந்தது. பின்னால் இன்னொன்று. பிறகு, குஞ்சும் குருமனுமாக ஒரு குடும்பமே.

பிரதாபன் தொண்டையைச் செருமினான். “இது... குழையோடை வந்திருக்கும்.”

“ஓம், குழை தன்ரை பாட்டிலை நடந்து வந்து கட்டிலிலை ஏறினது.”

அவன் அவளையும் பார்க்கவில்லை, நாயையும் பார்க்கவில்லை. போனை எடுத்துப் பட்டாக்காரனை அழைத்தபடி பூவரச மரத்துக்குக் கீழே போனான். “நாளைக்கு வரவேண்டாம்... இல்லை, நாய் நிக்கட்டும்... உண்ணி கொண்டுவந்தது ஆரெண்டு பிடிச்சாச்சு... ஆரெண்டு சொல்ல ஏலாது, போனை வையும்!” சயந்தினி வீமனின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாகக் கிடந்தாள்.

அதற்குப் பிறகு குழை வெட்டப் போகும்போது அவனும் கால்சட்டையைச் சொக்ஸுக்குள் விட்டுக்கொண்டு போனான். வந்ததும் உடுப்பு நேரே கொதிதண்ணிக்குள். குளித்துவிட்டு வந்து குசினி வாசலில், வெளிச்சம் விழும் இடத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். தன் முதுகைத் தானே பார்க்க யாராலும் முடியாதே.

கல்யாணம் கட்டிய புதிதில் பார்த்த முதுகு. அதற்குப் பிறகு தோட்டம், பிள்ளை, இடப்பெயர்வு, கடன், வருத்தம் என்று நாட்கள் போய்விட்டன. தோளில் குழைக்கட்டு அழுத்தித் தோல் கறுத்துப்போயிருந்தது. பிடரியில் நரை. சயந்தினி காதுக்குப் பின்னால் பார்த்தாள், கையைத் தூக்கிக் கமக்கட்டில் பார்த்தாள், முள்ளந்தண்டு வழியே விரலை மெல்ல இறக்கினாள். ஒன்றும் இல்லை. முழுக்கப் பார்த்து முடிந்துவிட்டது.

“என்னப்பா, இருக்கோ?” என்றான் அவன், திரும்பாமல்.

“அசையாதேங்கோ,” என்றாள். “இன்னும் பாத்து முடியேல்லை.”