ஏழு பிள்ளைக்காரி

வேண்டுமென்றே ஒரு தப்பைச் செய்துவிட்டு, அதைத் திருத்த ஒருத்தன் வரமாட்டானா என்று ஏங்கிக் கிடப்பது நாற்பத்தொரு வயதுக்காரி செய்கிற காரியமா? ரவ்தா அதைத்தான் பத்து நாளாகச் செய்துகொண்டிருந்தாள்.

ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் ஆலிவ் எண்ணெய்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. கோடைக்காலத்தில் இரண்டு மணிக்கே விட்டுவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கணினியைத் திறப்பாள். அதில் ஓர் எக்செல் கோப்பு. நம் சூரியன் அல்லாத வேறு சூரியன்களும் அவற்றைச் சுற்றும் கோள்களும் வரிக்கு ஒரு குடும்பமாக அதில் இருந்தன. எண்ணைப் போட்டால் படம் தானே விழும். இடது ஓரத்தில் சூரியன், அதன் பக்கத்தில் கோள்கள் பொட்டுப் பொட்டாக, பருமனுக்கேற்ற அளவில், சூட்டுக்கேற்ற நிறத்தில்.

அவளும் தம்பி ஹைதமும் பொழுதுபோகாமல் ஆரம்பித்தது. அவன் கடல் கடந்து துலூஸ் நகரத்துக்கு வேலைக்குப் போன பிறகும் இணையம் வழியாக இருவருமே அதை நிரப்பினார்கள். எங்காவது ஒரு புள்ளி பிசகினால் போதும், ஹைதமுக்குக் குஸ்குஸ் தொண்டையில் இறங்காது. "கழுதை! கண்ணு தெரியலையாக்கா உனக்கு?" என்று உடனே போனில் கத்துவான்.

அம்மா இறந்தபோது அவனுடைய குடியிருப்பு அனுமதி புதுப்பிப்பில் கிடந்தது. கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அவன் வரவில்லை.

"உனக்கு அந்தக் காகிதம் பெருசா, அம்மா பெருசா? இனிமே எனக்குத் தம்பியே கிடையாது, போ!" என்று கத்திவிட்டு ரவ்தா போனை வைத்தாள்.

வாய்க்கொழுப்பு, வேறென்ன! ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. அவனும் கூப்பிடவில்லை. கோப்பிலும் அவன் கைபட்ட தடயம் இல்லை. பெருநாளன்று கருவாடும், அதற்குத் தொட்டுக்கொள்ள உலர்திராட்சை வெங்காயம் போட்ட ஷர்மூலாவும் செய்து, அவனுக்கென்று ஒரு தட்டு எடுத்துவைத்து, பிறகு யாருக்கும் தெரியாமல் எடுத்துக் கழுவினாள். கூப்பிடலாம்தான். எந்த முகத்தோடு கூப்பிடுவது?

அப்போதுதான் இந்த யோசனை வந்தது. ட்ராப்பிஸ்ட்-1 என்ற குட்டிச் சிவப்பு நட்சத்திரத்துக்கு ஏழு கோள்கள். ஹைதம் அதற்கு 'ஏழு பிள்ளைக்காரி' என்று பேர் வைத்திருந்தான், அவனுடைய செல்லம். ஆறு நாளில் சுற்றிவரும் நான்காவது கோளுக்கு ஒன்பது நாளையும், ஒன்பது நாள் எடுக்கிற ஐந்தாவதுக்கு ஆறையும் மாற்றிப் போட்டாள். படத்தில் பொட்டுகள் இடம் மாறின. அவன் வரவில்லை. மறுநாள் கடைக்குட்டியை வியாழன் அளவுக்கு ஊதவைத்தாள். ஊஹூம். தினம் ஒரு அக்கிரமம். பத்தாம் நாள் அந்தச் சிவப்புச் சூரியனுக்கே நீலம் பூசிவிட்டாள்.

"என்ன ரவ்தா, உன் கோளுங்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டாச்சா? இங்க ஒருத்தன் பட்டினி" என்றார் கணவர் முன்சிஃப்.

"அடுப்புல இருக்கு. போட்டுச் சாப்பிடுங்க."

"அவனுக்கு ஒரு போனப் பண்ணேன். இந்தக் கூத்தெல்லாம் எதுக்கு?"

"அவன் எடுக்கலைன்னா?" என்றாள். முன்சிஃப் கிண்டலை விட்டுவிட்டு, அவளுக்கும் சேர்த்து இரண்டு தட்டு எடுக்கப் போனார்.

பதினோராம் நாள் அவளுக்கு வெறுத்துப்போயிற்று. அவன் இந்தப் பக்கமே எட்டிப்பார்ப்பதில்லை. வீட்டைக் காலி செய்கிறவளைப் போல உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணையும் சரியாக்கினாள். கடைசியில் சூரியனைச் சிவப்பாக்கினாள். ஏழு பிள்ளைகளும் அததன் இடத்தில் வந்து நின்றன. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோப்பை மூடக் கையை நீட்டினாள்.

கோப்பின் அடியில் ஒரு வெற்றுக் கட்டத்தைச் சுற்றிப் பச்சைக் கோடு விழுந்தது. அதன் மேல் ஹைதம் என்று பெயர். எழுத்துகள் வந்தன.

"ஏன்க்கா திருத்தின?"

அவள் அடுத்த கட்டத்தில் எழுதினாள்: "நீ பாத்தியா?"

"முதல் நாளே பாத்தேன். நீ எதை மாத்தினாலும் எனக்கு மெயில் வரும். கை அரிச்சுது. ஆனா திருத்திட்டா, மறுநாள் நீ வராமப் போயிடுவியேன்னு விட்டுட்டேன்."

ரவ்தாவுக்குத் திரை தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சூரியனை மறுபடி நீலமாக்கினாள்.

போன் அடித்தது.

"கழுதை" என்றான் தம்பி.