புதன்கிழமை மிஸ்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அவளைப் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் மூச்சு விடாமல் பொரிந்து தள்ளுவாள். அந்த ஆண்டு கல்லூரி கடல் தாண்டிய ஒரு பள்ளியோடு கைகோத்திருந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் அவள் திரை வழியாக அங்குள்ள பிள்ளைகளுக்கு, இரு பக்கமும் புரிகிற ஆங்கிலத்தில், கணக்குப் பாடம் எடுத்தாள். அங்கே வகுப்பில் கூட நின்று உதவியவள் இன்னொரு பயிற்சி ஆசிரியை. தடித்த மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் பட்டாசு அவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பெயர் வைத்துவிட்டாள்.

ஒருநாள் பின்னம் தொடங்கினாள். காகிதத்தை மடிக்கப் போகும்போது முன்வரிசைப் பையன் கையைத் தூக்கினான்.

“இதத்தான் புதன்கிழமையே சொல்லிக் குடுத்துட்டீங்களே மிஸ்.”

“புதன்கிழமை நமக்குக் கிளாஸே கிடையாதேப்பா.”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. மிஸ்ஸின் அண்ணன் மகள் போர்வையை நாலாக மடிக்கப் போய் அதற்குள்ளேயே தூங்கிப்போன கதையைப் பையன் சொல்லத் தொடங்க, வகுப்பே சேர்ந்து சொல்லி முடித்தது. அந்தக் கதையை அன்று காலை பேருந்தில்தான் பாடத்துக்காக யோசித்து வைத்திருந்தாள். இன்னும் யாரிடமும் சொல்லவே இல்லை.

வகுப்பு முடிந்ததும் கண்ணாடிக்காரியை அழைத்தாள்.

“புதன்கிழமை அந்த ரூம்ல யாரு இருந்தா?”

“யாருமில்ல. டீச்சர் லீவு, எனக்குப் பரீட்சை. ஆனா பசங்க சத்தமே போடலையாம். சுவத்துல இருக்கற கேமரா ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. அனுப்பறேன், நீயே பாரு.”

மதிய வெயில் அடிக்கும் கணினி அறையில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். வகுப்பின் திரை அணைந்து கறுத்துக் கிடந்தது. பிள்ளைகள் அதையே பார்த்தபடி இருந்தார்கள். திடீரெனக் கைகள் உயர்ந்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் ஒருத்தி மட்டும் எழுந்து பதில் சொல்லி உட்கார்ந்தாள். பிறகு எல்லாரும் ஒரே நொடியில் சிரித்தார்கள்.

கடைசி வரிசையில் ஒரு சிறுமி உண்டு. பேச்சு திக்கும். பட்டாசு எப்போது கேட்டாலும் அவளுக்கு உதடு துடிக்கும். அதற்குள் இவள் பொறுமை இழந்து அடுத்த பிள்ளையிடம் போய்விடுவாள். பதிவில் அந்தச் சிறுமி எழுந்து நின்றாள். சொல் வரவில்லை. வகுப்பு காத்திருந்தது. கறுத்த திரையும் காத்திருப்பதுபோல் இருந்தது. வெகுநேரம் கழித்து, “நா… நாலுல ஒண்ணு” என்றவள், யாரோ மெச்சியதுபோல் முகம் மலர்ந்தாள்.

பயத்தையும் மீறிப் பட்டாசுக்குப் பொறாமை வந்தது.

“பேசாம விட்டுடு. வேற யாராவது எடுக்கட்டும்,” என்றாள் வீட்டில் அண்ணி.

“அது யாருன்னே தெரியாது அண்ணி. அதுகிட்ட என் பிள்ளைங்கள விட்டுட்டு வரச் சொல்றீங்களா?”

அடுத்த செவ்வாய்க்கிழமை முதல் கேள்வியைக் கடைசி வரிசைச் சிறுமியிடமே கேட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். காதொலிப்பானில் மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்டது. சிறுமி அவளையே உற்றுப் பார்த்தாள்.

“மிஸ்… நீ… நீங்க எந்த மிஸ்?”

“செவ்வாய்க்கிழமை மிஸ்டா கண்ணு. நீ மெதுவாச் சொல்லு.”

சிறுமி தயங்கி, திக்கித் திக்கி, சரியான விடையைச் சொன்னாள்.

மறுநாள் மாலை கண்ணாடிக்காரி அழைத்தாள். “இன்னிக்கு நானே கிளாஸ்ல இருந்தேன். பசங்க கொஞ்ச நேரம் திரையப் பாத்தாங்க, அப்புறம் எந்திரிச்சு விளையாடப் போயிட்டாங்க.”

“அப்பாடா. யாரும் வரலன்னு சொன்னாங்களா?”

கண்ணாடிக்காரி சற்று இழுத்தாள். “புதன்கிழமை மிஸ் இப்ப செவ்வாய்க்கிழமையே வந்துடறாங்கன்னு பசங்க சொல்றாங்க.”

ஆண்டு முடியும்வரை பட்டாசு ஒரு வகுப்பையும் தவறவிடவில்லை. திரையின் மூலையில் தன் முகம் தெரியும் சின்னக் கட்டத்தின் மேல் மட்டும் ஒரு காகிதத் துண்டை ஒட்டி வைத்துக்கொண்டாள்.