இரண்டு முறைதான் கூப்பிடுவாள்

வேலையை விட்டுப் பல மாதமாகியும் மேக்ஸ்வெல் தன் அறை ஜன்னலில் ஒட்டியிருந்த கறுப்புத் தாளைப் பிய்க்கவில்லை. கால் சென்டரில் இரவு வேலை பார்த்த காலத்தில் பகலில் தூங்குவதற்காக ஒட்டியது. இப்போது பகலிலும் தூக்கமில்லை, இரவிலும் இல்லை. தாள் மட்டும் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. வெளியே, சென்னைப் புறநகர் நூம்பலில், வெயில் மண்டையைப் பிளந்தாலும், மாடி அறைக்குள் எந்நேரமும் நடுச்சாமம்தான்.

பேய்க்கதை பார்க்க அதைவிடத் தோதான இடம் கிடையாது.

வெள்ளிக்கிழமை மதியம்தோறும் ‘மடுவரசி’ தொடரின் புது அத்தியாயம் வரும். ஓர் அரசன் ஊர் ஒன்றை மூழ்கடித்து ஏரி வெட்டுகிறான். அந்த ஏரியின் மடுவில் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கென்று சொந்தக் குரல் கிடையாது. செத்தவர்கள், ஊரில் இல்லாதவர்கள், இவர்களுடைய குரலை எடுத்துக்கொண்டு கரையில் நிற்பவரைக் கூப்பிடுவாள். இரண்டு முறைதான் அவளால் முடியும். மூன்றாம் முறை மனிதர்கள்தான் கூப்பிடுவார்கள். அதனால் மூன்றாவது குரல் வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் தண்ணீரிலிருந்து ஒரு கை வரும்.

மேக்ஸ்வெல்லின் அம்மா சகாயம்மாள் ஒருநாள் அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். “இது எல்லா ஊர்லயும் சொல்றதாச்சேடா. இத்தப் போயி லைட்டு அட்ச்சி படம் புட்ச்சிக்கீறானுங்க. இதுக்குத்தான் வேலய வுட்டியா?”

சகாயம்மாளிடமும் ஒரு கணக்கு உண்டு. அவன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது சாயங்காலம் மாடிப்படியின் அடியில் நின்று மூன்று முறை கூப்பிடுவாள். முதல் குரல் பூப்போல இருக்கும். இரண்டாவதற்கு எதிர்வீட்டு நாகம்மா எழுந்துவிடுவாள். மூன்றாவது குரல் காபியோடு கட்டிலருகே வரும். அவன் வேலையை விட்ட மறுநாளே படியடியில் நின்று அறிவித்துவிட்டாள்.

“சம்பாரிச்சிட்டு வந்து தூங்கறவனுக்குத்தான் மூணு. உனுக்கு இனிமே ரெண்டுதான். எயுந்தா எயுந்துரு, இல்லாங்காட்டி கெட.”

சொன்னபடியே செய்தாள். இரண்டு முறை கூப்பிடுவாள். அவன் வரவில்லையென்றால் தனியாகச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

அந்த வெள்ளிக்கிழமை காலை அம்பத்தூர் எஸ்டேட்டில் தன் தையல் கம்பெனிக்குக் கிளம்பும்போது படியடியில் நின்று கத்தினாள். “சாயங்காலம் தண்ணி லாரி வரும். சம்புல எவ்ளோ தண்ணி கீதுன்னு தொறந்து பாத்து வெய்யி.”

“ம்” என்றான். பார்க்கவில்லை. தண்ணீர்த் தொட்டி மாடிப்படிக்கு நேர் கீழே, தரைக்கு அடியில்தான் இருந்தது. இறங்கிப் போய் மூடியை நகர்த்தினால் போதும். அல்லியைப் பற்றிய கவலையில் அது மறந்துபோனது.

அல்லிதான் மடுவரசியில் படகோட்டுபவள். முதல் அத்தியாயத்திலேயே தங்கையை ஏரிக்குப் பறிகொடுத்தவள். மடுவரசியின் தந்திரம் அவளுக்குத் தெரிந்த அளவு அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. மேக்ஸ்வெல் அவளுக்காகத்தான் பார்த்தான்.

பழைய கால் சென்டர் சிநேகிதன் திருமுருகனும் கூடப் பார்ப்பான். அவன் தென்காசிக்காரன். இப்போது அயனம்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டில் உட்கார்ந்து ஐ.டி. வேலை பார்க்கிறான். இருவரும் போனில் பேசிக்கொண்டே ஒரே நொடியில் படத்தை ஓட விடுவார்கள். யார் முதலில் பயந்து நிறுத்துகிறானோ அவன் தோற்றான். தோற்றவன் ஒரு வாரம் பால்புட்டிப் படத்தை வாட்ஸ்அப் முகப்பில் வைக்க வேண்டும்.

மேக்ஸ்வெல் லேப்டாப்பில் இயர்போனைச் செருகி இரண்டு காதிலும் மாட்டினான். இடது காதுக்கானது போன மாதமே செத்துவிட்டது. பழக்கத்தில் அதையும் மாட்டிக்கொள்வான். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணைமேல் வைத்தான்.

“லே மேக்சு, சீக்கிரம். ஆபீஸ் மீட்டிங்க மியூட்ல போட்டுட்டு உக்காந்திருக்கேன்.”

“அல்லிக்கு இன்னா ஆவுமோன்னு கீது மச்சான்.”

“அவ சாவ மாட்டாலே. அவ செத்தா பொறவு படகு யாரு ஓட்டுவா? உங்க தாத்தாவா? போடு.”

ஓட விட்டார்கள்.

அல்லி கரையில் படகைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஏரிமேல் பனி. யாருமில்லை. தண்ணீர்ப் பக்கமிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. “அக்கா.”

அல்லி திரும்பவில்லை. உதட்டோரம் ஓர் ஏளனச் சிரிப்போடு முடிச்சை இறுக்கினாள். மேக்ஸ்வெல் தொடையைத் தட்டினான். “பாத்தியா? எங்காளுகிட்டயா?”

“அக்கா, குளிருது.”

முடிச்சுப் போட்ட விரல் நின்றது.

“வேணாம்,” என்றான் மேக்ஸ்வெல். “வேணாம் அல்லி. ஏய், வேணாம்.”

அவளுக்குத் தெரியும். அதுதான் கொடுமை. எல்லாம் தெரிந்தவள், தெரிந்தே திரும்பினாள். “வந்துட்டேன்டி,” என்றாள்.

கை வந்தது. நகமும் மயிருமாக வந்திருந்தால் தாங்கியிருப்பான். வந்தது ஒரு குழந்தையின் கை, நனைந்து வெளுத்து, கண்ணாடி வளையலோடு. அது அல்லியின் மணிக்கட்டைப் பிடித்தது. அலறல் இல்லை, இசை இல்லை. அடுத்த காட்சியில் ஆளில்லாத படகு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அத்தனையும் தெரிந்தவளே போய்விட்டாள்.

அப்போதுதான் கேட்டது.

“மேக்ஸு.”

இடது பக்கத்திலிருந்து. செத்துப்போன காதிலிருந்து.

அம்மாவின் குரல். ஆனால் அம்மா பேசுவது போல் இல்லை. குடத்துக்குள் வாயை வைத்துப் பேசியது போல, ஈரமாக, அடியிலிருந்து எதிரொலித்தது.

“திரு. இப்போ யார்னா கூப்ட்டாங்களா?”

“எதுல?”

“படத்துல. எங்கம்மா கொரலு மாதிரி. மேக்ஸுன்னு.”

திருமுருகன் தணிந்த குரலில் சொன்னான். “கேட்டுச்சுலே. எனக்கு எங்கம்மை கொரல்ல கேட்டுச்சு. ‘ஏ திரு’ன்னு. எங்கம்மை தென்காசியிலல்லா கெடக்கா?”

“தமாசு பண்ணாத.”

“சத்தியமா. திரும்பிராதலே. அவ உன் முதுகுக்குப் பின்னாடிதான் நிக்கா.”

மேக்ஸ்வெல் திரும்பவில்லை. மூளை மட்டும் ஓடியது. அம்மா எஸ்டேட்டில் இருக்கிறாள். இந்நேரம் மெஷினில் குனிந்திருப்பாள். வீட்டில் இல்லாதவள் எப்படிக் கூப்பிடுவாள்? இல்லாதவர் குரலைத்தானே மடுவரசி எடுப்பாள்? ஒருவேளை அம்மாவாகவே இருந்து, இவன் போகாவிட்டால்? அம்மாவாக இல்லாமல் இருந்து, இவன் ‘இன்னாம்மா’ என்று கேட்டுவிட்டால்?

“மேக்ஸு… டேய்…”

இந்த முறை குரலோடு தண்ணீர் அலம்பும் சத்தமும் வந்தது. கட்டிலுக்கு நேர் கீழிருந்து, தரைக்கும் கீழிருந்து.

தொங்கவிட்டிருந்த கால்களைச் சட்டென்று கட்டில்மேல் இழுத்துக்கொண்டான். எத்தனையோ ராத்திரி, கடல் தாண்டியிருந்த குடிகாரர்கள் கால் சென்டர் போனில் அம்மா அக்காவை இழுத்துத் திட்டியபோது கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டவன். இப்போது தலையணையை மார்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ‘அருள் நிறைந்த மரியே’ என்று ஆரம்பித்தான். பாதியில் மறந்துவிட்டது. மறுபடி ஆரம்பித்தான். அதே இடத்தில் மறந்தது.

மூன்றாவது குரலுக்காகக் காத்திருந்தான்.

வரவில்லை. தண்ணீர்ச் சத்தமும் நின்றது. காத்திருக்கக் காத்திருக்க அந்த அமைதி கெட்டியானது. வரவில்லை என்று உறுதியானதும் உடம்பு தளர்ந்தது. வெட்கமில்லாமல் ஒரு நிம்மதி வந்தது.

“ரெண்டோட நின்னுட்ச்சி மச்சான்,” என்றான். “மூணாவது இல்ல. அவதான். நான் வாயே தொறக்கல.”

திருமுருகனால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. போன் அதிரச் சிரித்தான். “லே பைத்தியாரா! நான் சும்மா சொன்னேம்லே. எனக்கு ஒரு மண்ணும் கேக்கல. படத்துல யாரும் கூப்பிடவும் இல்ல. பால்புட்டிய எடுத்து வைலே!”

படத்தில் யாரும் கூப்பிடவில்லை.

மேக்ஸ்வெல் இடது காதிலிருந்ததைப் பிடுங்கிப் பார்த்தான். அது எப்போதோ செத்தது. அப்படியானால் குரல் அதைத் தாண்டி வெளியிலிருந்து வந்திருக்கிறது. இரண்டு முறை. இந்த வீட்டில் இரண்டோடு நிறுத்துபவள் யார்?

மடுவரசி யாரையும் ‘டேய்’ என்று கூப்பிட்டதில்லை.

கட்டிலிலிருந்து விழுந்தடித்துக் கதவைத் திறந்தான். வெயில் கண்ணில் அறைந்தது. ஒன்றும் தெரியாமல், சுவரைத் தடவிக்கொண்டு படியிறங்கினான். கடைசிப் படியில் அம்மாவின் கைப்பை. பக்கத்தில் ஒரு செருப்பு. ஒன்றுதான். தொட்டியின் மூடி ஓரமாக நகர்ந்திருந்தது. அந்தச் சதுரம் கறுப்பாக இருந்தது.

கிட்டே போகக் கால் வரவில்லை. இவ்வளவும் கண்ணால் பார்த்த பிறகும் பயந்தான் என்பதுதான் உண்மை. மண்டியிட்டான். “அம்மா,” என்றான். பதிலில்லை. “அம்மா!” தண்ணீர் லேசாக அசைந்தது. குப்புறப் படுத்து, தோள்வரை கையைத் துளைக்குள் விட்டு மூன்றாவது முறை கத்தினான்.

ஒரு கை வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது. ஜில்லென்று, ஊறிச் சுருங்கிய கை. அவன் உதறினான். தன்னையறியாமல், முழுப் பலத்தோடு உதறினான். அந்தப் பிடி விடவில்லை. விடாததால்தான் சகாயம்மாள் பிழைத்தாள்.

தண்ணீர் அவள் வாய்வரை இருந்தது. நுனிக்காலில் நின்று, முகத்தை மேலே தூக்கி, மூக்கால் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

“வுடும்மா, ஏணி எட்த்தாறேன்.”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். விடமாட்டேன் என்று. அவன் போட்ட சத்தத்தில் நாகம்மா ஏணியோடு ஓடிவந்து இறக்கும்வரை விடவில்லை.

கரையேறியதும் படியில் உட்கார்ந்தாள். நாகம்மா ஒரு போர்வையைச் சுற்றிவிட்டு, வெந்நீர் வைக்க ஓடினாள். சகாயம்மாளின் கணுக்கால் வீங்கியிருந்தது. குளிரில் பல் தந்தியடித்தது.

“கம்பெனில கரண்டு இல்ல. அர நாளோட அனுப்ச்சிட்டான்,” என்றாள். “நீ எங்க பாத்திருக்கப் போறன்னு நானே தொறந்தேன். வய்க்கி உட்டுட்ச்சி.”

அவன் ஒற்றைச் செருப்பை எடுத்து அவள் காலருகே வைத்தான்.

“ரெண்டு தபா கூப்ட்டேன்டா. கேக்கலியா? காதுல அத்த சொருவிக்கினு இருந்தியா?”

பதிலை அவளே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள். தலையை ஆட்டினால் போதும்.

“கேட்டுச்சிம்மா,” என்றான் மேக்ஸ்வெல். “ரெண்டு தபாவும் கேட்டுச்சி.”

அவள் அவனையே பார்த்தாள்.

“பயந்துட்டேன். நீ இல்லன்னு நென்ச்சேன்.” பிறகு கேட்டான். “மூணாவது தபா கூப்ட்டிருக்கலாமில்ல?”

“வாய்க்குள்ள தண்ணி வந்துட்ச்சி.” போர்வையை இழுத்துக்கொண்டாள். “அத்தோட ரெண்டுதான்னு சொல்ட்டேனே.”

அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

மாடியில் அறைக்கதவு திறந்தே கிடந்தது. உள்ளிருட்டிலிருந்து போனின் குரல் சன்னமாக இறங்கி வந்தது. “மேக்சு?” சற்றுப் பொறுத்து, சிரிப்பெல்லாம் வடிந்து, “லே மேக்சு?” இன்னும் சற்றுப் பொறுத்து, பயந்துபோய், “மேக்சு!”

“யாரோ கூப்புட்றாங்க பாரு,” என்றாள் சகாயம்மாள்.

மூன்று முறை ஆகிவிட்டது. மனிதன்தான். மேக்ஸ்வெல் படிகளின் உச்சியில் இருந்த அந்தக் கறுப்பு வாசலைப் பார்த்தான். மணிக்கட்டில் அவள் விரல் பதிந்த தடம் வெள்ளையாக இருந்தது. எழுந்து போக முடியவில்லை. படியில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டான்.