குரல் வாக்கெடுப்பு

நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் பகுதியின் கதவைத் திறந்தால் வெந்நீர் அண்டாவின் மூடியைத் திறந்ததுபோல ஆவி முகத்தில் அடிக்கும். நூல் அறாமலிருக்க ஈரக்காற்று வேண்டும். நூலுக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் மில் பார்த்துப் பார்த்துக் கொடுக்கும். காலை ஆறு மணிக்கு, வெளியே இன்னும் இருட்டு முழுதாக விலகாத நேரத்தில், ராசாத்தாள் மெஷின்களுக்கு நடுவே நடக்கத் தொடங்கியிருந்தாள். இருபக்கமும் நூற்றுக்கணக்கில் நூல் சுற்றும் கதிர்கள் சுழன்றன. எங்கே இழை அறுந்தாலும் ஓடிப்போய் விரல்நுனியால் ஒட்டவேண்டும். ஒட்டித் திரும்புவதற்குள் இன்னொன்று அறுந்திருக்கும். ஒரு ஷிப்டில் அவள் நடக்கிற நடைக்கு அவிநாசி வரை போய்த் திரும்பியிருக்கலாம். ஆனால் அவள் எங்கும் போகவில்லை. அதே சந்துக்குள்தான் பல வருடமாக நடந்துகொண்டிருக்கிறாள்.

அந்த இரைச்சல் அவள் காதைத் தின்றுவிட்டது. ஒரே நாளில் தின்னவில்லை. முதலில் கொசுவின் ரீங்காரம் போனது. பிறகு ஓட்டின்மேல் பெய்யும் மழை, பிறகு பக்கத்து வீட்டுக் குக்கர் விசில். கடைசியில் மகளின் குரல் போனபோதுதான் உட்கார்ந்து அழுதாள். மில் டாக்டர் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வயசாகுதல்லங்க" என்றார். அப்போது அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

வேடிக்கை என்னவென்றால், மில்லுக்குள் அவளுக்கு ஒரு குறையும் தெரியாது. அந்தச் சத்தத்தில் யாருக்குமே எதுவும் கேட்காது. எல்லோரும் கையால்தான் பேசுவார்கள். காதுமடலைத் தொட்டால் மேஸ்திரி வருகிறான் என்று பொருள். ஆள்காட்டி விரலைக் கட்டைவிரலில் வெட்டினால் இழை அறுந்திருக்கிறது. உள்ளங்கையை நெஞ்சுக்கு நேராக வைத்துக் கீழே அமுக்கினால் மெஷினை நிறுத்து. ஒடிசாவிலிருந்து வந்த மினாதிக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அடுத்த சந்தில் நின்றபடி, ஊரில் தம்பிக்குக் காய்ச்சல் என்பதையும், மில் ஹாஸ்டல் சாம்பாரின் லட்சணத்தையும் அவள் ராசாத்தாளிடம் விரலாலேயே சொல்லி முடித்துவிடுவாள். ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே வந்தால் இருவரும் அந்நியர்கள். சத்தம் இல்லாத இடத்தில் மற்றவர்கள் வாயால் பேசத் தொடங்கிவிடுவார்கள். மினாதி தன் ஊர்ப் பெண்களோடு போய்விடுவாள். ராசாத்தாள் தனியே நடப்பாள்.

மில்லுக்குச் சொந்தமான லைன் வீடுகளில் ஒரு அறை அவளுடையது. கணவன் இறந்து, மகள் படிக்கப் போனபிறகு அதில் அவளும் ஒரு சுவர்க் கடிகாரமும்தான். அக்கம்பக்கத்தார் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அவளிடம் எதைச் சொல்வதானாலும் கத்திச் சொல்லவேண்டும். கத்திச் சொல்லக்கூடிய விஷயம் ஒரு நாளைக்கு எத்தனை இருக்கும்? ரகசியம் பேசமுடியாதவளிடம் யாரும் அதிக நேரம் நிற்பதில்லை. அவளும் வாய் திறப்பதைக் குறைத்துக்கொண்டாள். தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று தனக்கே தெரியாததால், எதிரில் இருப்பவர் முகம் சுளிப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். அந்தச் சுளிப்பைப் பார்ப்பதற்குப் பேசாமலே இருந்துவிடலாம்.

ஒரு நாளில் ஒரே ஒரு மணி நேரம் அவளுக்கென்று இருந்தது. மகள் செவ்வந்தி கோபிசெட்டிபாளையத்தில் நர்சிங் படிக்கிறாள். அந்த ஹாஸ்டலில் மாலை ஐந்திலிருந்து ஆறுவரைதான் போன் கையில் கொடுப்பார்கள். ஐந்தானதும் வீடியோவில் மகளின் முகம் வரும். செவ்வந்தி சத்தமே போடமாட்டாள். உதட்டை மட்டும் நிதானமாக அசைப்பாள். அம்மா அந்த உதட்டைப் படிப்பாள். உலகத்தில் அவளோடு கத்தாமல் பேசுகிற ஒரே ஆள் அந்தப் பெண்தான். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மீதி நேரத்தை அவள் ஓட்டினாள்.

அந்த வாரம் சட்டமன்றக் கூட்டத்தொடரில் ஒரு மசோதா அறிமுகமானது. மனிதர்கள் அறிமுகமானால் பேரும் ஊரும் சொல்லிக்கொள்வார்கள். மசோதாக்களுக்கு அந்த மரியாதை தெரியாது. யாரைப் பற்றியதோ அவர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் அவை அறிமுகமாகிவிடும். தொழிலாளர்கள் சம்மதித்தால் ஆலைகளில் எட்டு மணி நேர வேலையைப் பன்னிரண்டாக்கிக்கொள்ளலாம் என்பது இந்த மசோதாவின் சாரம். மில் முதலாளி குமாரசாமி அதை டி.வி.யில் பார்த்தார். வேறு சில மசோதாக்கள் அன்றைக்கே நிறைவேறியதையும் பார்த்தார். ஏற்போர் 'ஆம்' என்க, மறுப்போர் 'இல்லை' என்க என்று சபையில் கேட்டார்கள். மூச்சு விடுகிற நேரத்தில் வேலை முடிந்தது. அந்த முறை அவருக்கு மிகவும் பிடித்துப்போனது.

மறுநாள் காலை அவர் ரிங் ஃபிரேம் பகுதிக்கே வந்துவிட்டார். கூடவே மேஸ்திரி தம்பிதுரை, கையில் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தபடி வந்தான். மெஷின்கள் எதையும் நிறுத்தவில்லை. முதலாளி நடுவில் நின்று கும்பிட்டார், சிரித்தார், பேசினார். அந்த இரைச்சலில் அவர் வாய் மீன்வாய்போலத் திறந்து மூடியது. யாருக்கும் ஒரு சொல்லும் கேட்கவில்லை. முதலாளி இத்தனை சிரிப்பாக வந்து நிற்கிறார் என்றால் போனஸ் பற்றித்தான் இருக்கும் என்று முன்னால் நின்ற பெண்கள் தலையாட்டினார்கள். இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள்.

அவர் பேசியது அந்த இடத்தில் ஒருத்திக்குத்தான் புரிந்தது. ராசாத்தாள் அவர் உதட்டைப் படித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. அரசாங்கம் புதுச் சட்டம் கொண்டாந்திருச்சு. நாளைல இருந்து காலைல ஆறுக்கு வந்தா பொழுதோட ஆறுக்குத்தான் போவணும். சம்மதம்ங்கறவங்க ஆம்னு சொல்லுங்க கண்ணு. வேண்டாம்ங்கறவங்க இல்லைன்னு சொல்லுங்க."

ஆறு மணி. ஆறு மணிக்குள் செவ்வந்தியின் போன் வார்டனின் பீரோவுக்குள் போய்விடும்.

"இல்லைங்க" என்றாள் ராசாத்தாள். சத்தமாகத்தான் சொன்னாள். தொண்டை வலித்ததிலிருந்து தெரிந்தது. குமாரசாமி அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாய் அசைந்ததைக் கண்டார். கண்ணை மெல்ல அடுத்தவள் பக்கம் நகர்த்திக்கொண்டார். பிறகு தம்பிதுரையிடம் திரும்பி ஒரு சொல் சொன்னார். 'ஒருமனதா' என்ற அந்தச் சொல்லையும் அவள் படித்தாள்.

டீ நேரத்தில் கேன்டீன் வாசலில் மெஹராஜைப் பிடித்தாள். மெஹராஜ் அதே ஷிப்டில் வேலை செய்பவள். சங்கத்துக்காரி, தினமும் பேப்பர் படிப்பவள். ராசாத்தாள் சொன்னதைக் கேட்டு அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அய்ய, நான் போனஸ்ங்கறாருன்னு நெனச்சுத் தலையாட்டிப்போட்டனேக்கா."

"சட்டம் வந்திருச்சுங்கறாரே?"

மெஹராஜ் அவளுக்கு நேராக முகத்தைத் திருப்பி, உதடு தெரியும்படி பேசினாள். "எங்க வந்துச்சு? அறிமுகந்தான் ஆயிருக்குது. இன்னும் ஓட்டே போடல. பொண்ணுப் பாத்துட்டுப் போனதுக்கே தாலியக் கட்டுறாரு மனுசன். மூணு ஷிப்ட் ரெண்டாயிட்டா மூணுல ஒரு பங்கு ஆளுக எங்கக்கா போவாங்க? நாளைக்கு ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடியற சங்கு ஊதுனதும் எல்லாரும் ஒட்டுக்கா மெஷின நிறுத்திப்போட்டு வெளிய வந்தரலாம்."

அன்று மாலை ஐந்து மணிக்கு ராசாத்தாள் மகளிடம் விஷயத்தைச் சொன்னாள். செவ்வந்தி உதட்டை அசைத்தாள்.

"வார்டன் நேரத்த மாத்தமாட்டாங்கம்மா. பரவால்ல. ஞாயித்துக்கெழம..."

அதற்குமேல் ராசாத்தாளுக்குப் புரியவில்லை. அழுகிற உதட்டைப் படிக்க முடியாது.

மறுநாள் இரண்டு மணிக்குச் சங்கு ஊதவில்லை. குமாரசாமி ஊதவேண்டாம் என்று சொல்லியிருந்தார். எல்லாப் பெண்களும் சங்குக்காகக் காத்தபடி இழை ஒட்டிக்கொண்டே இருந்தார்கள். பேசி வைத்துக்கொண்டதை மறக்கவில்லை. ஆனால் சங்கு ஊதாமல் நிறுத்திப் பழக்கமில்லை. ராசாத்தாளுக்குச் சங்கு கேட்டுப் பல வருடமாகிறது. அவள் கடிகாரத்தைத்தான் பார்ப்பாள். முள் இரண்டைத் தாண்டியதும் தன் மெஷினை நிறுத்தினாள்.

அத்தனை இரைச்சலில் ஒரு மெஷின் நின்றதை யாரும் உணரவில்லை. அவள் மட்டும் நின்ற மெஷினுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். வாழ்க்கையில் அவ்வளவு தனியாக அவள் இருந்ததே இல்லை. அடுத்த சந்தில் மினாதி தலைநிமிர்ந்து பார்த்தாள். ராசாத்தாள் உள்ளங்கையை நெஞ்சுக்கு நேராக வைத்துக் கீழே அமுக்கினாள். மினாதி கொஞ்சம் யோசித்தாள். பிறகு தன் மெஷினை நிறுத்தித் தனக்கு அடுத்தவளைப் பார்த்துக் கையை அமுக்கினாள். அந்தக் கை சந்து சந்தாகப் போயிற்று. ஒவ்வொரு வரிசையாக ஓய்ந்து, கடைசியில் பஞ்சுத்தூசி மிதக்கிற ஓசைகூடக் கேட்டுவிடும் போன்ற ஒரு அமைதி அந்தக் கூடத்தில் இறங்கியது.

குமாரசாமி வேகமாகத்தான் வந்தார். பேச்சில் மட்டும் மரியாதை குறையவில்லை.

"ஏனுங்க அம்மணி, இதென்னங்க வேலை? எல்லாரும் ஒத்துக்கிட்டுத்தானே ஆரம்பிச்சோம்? வீடியோவே இருக்குதுங்களே."

"நான் இல்லைன்னு சொன்னனுங்க" என்றாள் ராசாத்தாள்.

"எனக்குக் கேக்கலீங்களே."

"பாத்தீங்கல்லங்க."

அவர் சிரித்தார். "சட்டமே வந்தப்புறம் நம்ம என்னங்க பண்றது?"

"மசோதாதானுங்க வந்திருக்குது" என்றாள் மெஹராஜ். "சட்டம் வாரப்ப வரட்டும். அப்பவும் எங்க சம்மதத்தக் கேக்கணும். மெஷின நிறுத்திக் கேளுங்க. இப்பத்தான் நிக்குதே, இப்பவே கேளுங்களேன்."

அவர் கேட்கவில்லை. கேட்காததற்கே மெஹராஜ் "இல்லைங்க" என்றாள். பின்னால் ஒருத்தி சொன்னாள், பிறகு இன்னொருத்தி. மினாதி இடவலமாகத் தலையாட்டி "நா" என்றாள். அது எந்த மொழி என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

"சரிங்க. வெளிய போறவங்க போலாம்" என்றார் குமாரசாமி. "லைன் வீட்டுல இருக்கறவங்க சாவியக் கொடுத்துப்போட்டுப் போங்க. காலைல கேட்டுல குடுத்த போனெல்லாம் அங்கயே இருக்கட்டும். மெஷினுக்குத் திரும்புறவங்க வாங்கிக்கலாம்."

எல்லோரும் நகர்ந்தபோது அவர் ராசாத்தாளைத் தனியே நிறுத்தினார். அவள் முகத்துக்கு நேரே நின்று, உதடு நன்றாகத் தெரியும்படி பேசினார். அவளோடு அப்படிப் பேசவேண்டும் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"பொண்ணு அஞ்சு மணிக்குக் கூப்புடுமாமா, தம்பிதுரை சொன்னான். உங்களுக்கு மட்டும் தெனமும் ஒரு மணி நேரம் விடச் சொல்றேன். வீடும் உங்களுதே. மத்தவங்ககிட்டச் சொல்லவேண்டாமுங்க. ரோசிச்சுச் சொல்லுங்க."

அவள் மற்றவர்களோடு கேட்டுக்கு வெளியே போய் நின்றாள். கேட் சாத்தப்பட்டது.

வேப்பமர நிழல் பாதிப் பேருக்குத்தான் போதுமானதாக இருந்தது. நேரம் போகப் போக ராசாத்தாள் காவலாளி அறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அலமாரியில் எல்லோருடைய போன்களும் வரிசையாக இருந்தன. ஐந்து மணிக்கு அவளுடையது ஒளிர்ந்தது. தம்பிதுரை அதைக் கையில் எடுத்து, சன்னலைத் திறந்து, வாங்க என்று தலையசைத்தான்.

போகவேண்டும் என்றுதான் இருந்தது. அதை மறைப்பானேன். கால் ஒரு எட்டு வைத்தும்விட்டது. மெஹராஜ் அவள் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினாள்.

"போக்கா. யாரும் ஒண்ணும் நெனச்சுக்கமாட்டோம்."

"எல்லாருக்கும் குடுத்தா வாங்கிக்கறேன்" என்றாள் ராசாத்தாள்.

போன் அணைந்தது. மறுபடி ஒளிர்ந்தது. மறுபடி அணைந்தது. கோபியில் அந்தப் பெண் என்ன நினைத்திருக்கும் என்று நினைத்தபோது ராசாத்தாளுக்குக் கண் நிறைந்து சாலையே கலங்கலாகிப்போனது. மினாதி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கேட்டுக்கு வெளியே அவர்கள் இருவரும் அப்படி நின்றது அதுதான் முதல் தடவை.

ஆறு மணி ஷிப்டுக்கு வரச்சொல்லியிருந்த ஆட்களை ஏற்றிக்கொண்டு மில் பஸ் வந்து நின்றது. இறங்கியவர்கள் சாத்திய கேட்டையும் வெளியே நிற்கிற பெண்களையும் பார்த்துத் திகைத்தார்கள். தம்பிதுரை கேட்டைப் பாதி திறந்து, உள்ளே வரும்படி கையசைத்தான். முன்னால் நின்ற ஒரு ஆள், பக்கத்தில் இருந்த ராசாத்தாளிடம் என்ன நடந்தது என்று கேட்டான். யாராவது இப்படிக் கேட்டால் அவள் வழக்கமாக வேறு யாரையாவது கைகாட்டிவிடுவாள்.

இன்று அவளே சொன்னாள். மசோதாவைச் சொன்னாள், மெஷினை நிறுத்தாமல் கேட்ட ஓட்டைச் சொன்னாள், நாளைக்கு இவர்களிலேயே மூன்றில் ஒருவருக்கு வேலை போகும் என்பதைச் சொன்னாள். குரல் எங்கே உயர்கிறது, எங்கே தாழ்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. எதிர்த்த டீக்கடையில் ஆட்கள் எழுந்து நின்று பார்ப்பது தெரிந்தது. ஒருவர் முகமும் சுளிக்கவில்லை.

சொல்லி முடித்துவிட்டு, "கேக்குதுங்களா?" என்றாள்.

கேட் இன்னும் பாதி திறந்துதான் இருந்தது. இறங்கியவர்களில் ஒருவரும் அதன் பக்கம் போகவில்லை. "கேக்குதுக்கா" என்றார்கள். அத்தனை பேர் உதட்டிலும் அது ஒன்றுபோல் இருந்தது. படிக்க அவளுக்குச் சிரமமே இருக்கவில்லை.