கயிற்றில் தொங்கிய குண்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னாலிருந்த இரும்புப் பட்டறையில் நேசையன் லேத் வேலை பார்த்தார். யுத்தத்துக்காகக் கடற்படை எடுத்துக்கொண்ட சிறு மோட்டார் படகுகளுக்கு, நீர்மூழ்கிகளைத் தகர்க்கும் குண்டு பொருத்தும் வேலை அந்தப் பட்டறைக்கு வந்திருந்தது. ஐம்பதடி ஆழத்துக்குப் போனால் தண்ணீரின் அழுத்தத்திலேயே வெடிக்கும் குண்டு அது. பெரிய கப்பல் அதற்குள் விலகிவிடும். படகுக்கு அந்த வேகம் ஏது? குண்டு மெல்ல இறங்கட்டும் என்று, குண்டில் கட்டிய அறுபதடிக் கயிற்றின் மறுநுனியில் கான்வாஸ் குடை ஒன்றைக் கட்டினார் எஞ்சினியர் சாம்பசிவன்.

"சார், குடையைத் தாங்குற இந்தக் கொக்கி முனை கூர்மையா இருக்கு. துணி மாட்டும்" என்று நேசையன் இரண்டு தடவை சொன்னார்.

"வியாழக்கிழமை ஆபீசர் வரார். இனிமே எதையும் தொட வேண்டாம்" என்றார் சாம்பசிவன்.

வியாழக்கிழமை காலை விழிஞ்ஞத்துக் கடற்கரைப் பாறையில் வெள்ளைக்கார ஆபீசரும் சாம்பசிவனும் நின்றிருந்தார்கள். கடலில் நேசையனும் படகோட்டி தங்கப்பனும் மட்டும். நேசையன் விசையை இழுத்தார். குண்டு உருண்டு விழுந்தது. கான்வாஸ் போகவில்லை. கொக்கியில் மாட்டிக் கிழியாமல் விறைத்து நின்றது. குண்டு படகுக்குப் பின்னால் இழுபட்டு வந்தது.

தங்கப்பனின் கை எஞ்சினுக்குப் போனது. "நிறுத்தட்டா அண்ணா?"

"நிறுத்தாத. நின்னா அது நேரா நம்ம காலடியில எறங்கும். ஓட்டு."

"எண்ணெய் அரை மணிக்கூருக்குத்தான் காணும்."

"அறுத்து விடலாம். ஆனா குடை இல்லாம சடார்னு தாழும். நாம தப்ப மாட்டோம்."

நேசையன் சுற்றிலும் பார்த்தார். மூலையில் காலி எண்ணெய் டிரம் ஒன்று கிடந்தது. அதன் மூடியை இறுக்கினார். இடுப்பளவு வெளியே தொங்கிக்கொண்டு, விறைத்த கயிற்றோடு டிரம்மைப் பிணைத்தார். முதல் முடிச்சு வழுக்கியது. கயிறு உள்ளங்கைத் தோலை உரித்தது. இரண்டாவது முடிச்சு நின்றது.

"முழு வேகத்தில போ, தங்கப்பா."

கத்தியால் கான்வாஸை அறுத்தார். டிரம் துள்ளிக் குதித்துப் பின்னால் மிதந்தது. குண்டின் பாரத்தில் பாதி மூழ்கியும் அது தாக்குப்பிடித்ததால், கயிற்றின் நுனியில் குண்டு மெல்லத்தான் இறங்கியது. பதினைந்துவரை எண்ணினார். கடல் வெள்ளையாக எழுந்தது. படகின் பின்புறம் தூக்கியடித்து, இருவரும் பலகையில் விழுந்தார்கள். ஒரு பலகை விரிசல் விட்டது. படகு கவிழவில்லை.

கரையில் ஆபீசர் இங்கிலீஷில் சீறினார். யாருடைய தப்பு என்று கேட்கிறார் என்பது மட்டும் நேசையனுக்குப் புரிந்தது. வேலை போயிற்று என்றே நினைத்தார்.

சாம்பசிவன் முன்னே வந்து தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். பிறகு நேசையன் பக்கம் திரும்பினார். "நீர் சொன்னீர். நான்தான் கேக்கலை. அதையே அவர்கிட்டேயும் சொல்லிட்டேன்."

நேசையன் ரத்தம் கசிந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம், குடைக்குப் பதில் டிரம் வைத்து மறுசோதனை. நேசையன் துறைக்கு வந்தபோது, யாரும் கூப்பிடாமலே சாம்பசிவன் படகில் ஏறி உட்கார்ந்திருந்தார்.